வேளையை அறிந்து கடந்துபோங்கள்

இந்தப் பாடத்தில் பிரிட்டன் கரையோரத்துச் சமுத்திரத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். சில கோடைகாலங்களில் அங்கே சிறிய பாய்மரப் படகில் ஒரு வேலையாளாக நான் பிரயாணம் செய்ததுண்டு. அங்கே நான் கற்றுக்கொண்ட காரியம் ஒன்றுதான்: பலத்தினால் கடக்க முடியாத தண்ணீரை, வேளை அறிந்தவன் கடந்துபோகிறான்.

ரேஸ் என்றால் என்ன?

ஓதத்தினால் கடல் ஏறி இறங்குகிறது என்று நமக்குத் தெரியும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆனால் தண்ணீர் மேலும் கீழும் போவதோடு நிற்பதில்லை, பக்கவாட்டிலும் ஓடுகிறது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஒரு திசையில் ஓடி, சற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையில் திரும்புகிறது.

இப்படி ஓடுகிற தண்ணீர் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையைச் சுற்றியோ, இரண்டு தீவுகளுக்கு நடுவிலோ நெருக்கப்படும்போது வேகமெடுக்கிறது. அடியில் பாறைத் திட்டு இருந்தால் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் அதன்மேல் ஏறிக் கொந்தளிக்கிறது. மாலுமிகள் இதைத்தான் "ரேஸ்" என்கிறார்கள். இது ஓட்டப்பந்தயம் அல்ல, தண்ணீரின் ஓட்டம்!

இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லண்ட் பில் என்ற முனைக்கு வெளியே ஒரு ரேஸ் உண்டு. ஸ்காட்லாந்தின் வடக்கே பென்ட்லண்ட் ஃபர்த் என்ற நீரிணையில் "மே ஊரின் குதூகல மனிதர்கள்" என்று பொருள்படும் பெயரில் ஒன்று உண்டு. பெயர்தான் குதூகலம், காரியம் அப்படியல்ல. மேற்கே ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு நடுவே கோரிவ்ரெக்கன் சுழல் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள்

கடலில் வேகத்தை நாட் என்று அளக்கிறார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர். சாதாரண சிறிய பாய்மரப் படகு 5 நாட் வேகத்தில் போகும். போர்ட்லண்ட் ரேஸிலோ தண்ணீர் 7 நாட் வேகத்தில் ஓடக்கூடும். அப்போ எதிர்த்துப் போகிற படகுக்கு என்ன ஆகும்? பாய் புடைத்திருக்கும், முன்பக்கம் தண்ணீரைக் கிழிக்கும், ஆனால் படகு மணிக்கு 2 கடல் மைல் பின்னாலே போய்க்கொண்டிருக்கும்! படகில் இருப்பவனுக்கு முன்னேறுகிற மாதிரியே தெரியும். கரையிலுள்ள ஒரு அடையாளத்தைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

இன்னொரு ஆபத்தையும் கவனியுங்கள். போர்ட்லண்டின் இரண்டு பக்கமும் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்து மணி நேரம் தண்ணீர் தெற்கு நோக்கி, ரேஸ் இருக்கும் பக்கமாகவே ஓடுகிறது. "நான் ரேஸுக்குள் போகவில்லையே, ஓரமாகத்தானே நிற்கிறேன்" என்கிறவனையும் அது மெதுவாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

1805 பிப்ரவரி 5ஆம் தேதி இதே பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் "ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி" என்ற பெரிய கப்பல் சேதமடைந்தது. காற்று ஓய்ந்துபோன நேரத்தில் நீரோட்டம் அதை ஷாம்பிள்ஸ் என்ற மணல்திட்டின்மேல் கொண்டுபோய்விட்டது. கப்பல் வெய்மவுத் விரிகுடாவில் மூழ்கியது. கப்பல் தலைவரான ஜான் வேர்ட்ஸ்வொர்த் உட்பட 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவர் புகழ்பெற்ற கவிஞரின் சகோதரர்.

கடக்குமுன் கவனிக்க வேண்டிய ஐந்து காரியங்கள்

1. நாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து நீரோட்டம் மிகவும் பலமாயிருக்கும். அரைநிலவு நாட்களை ஒட்டி அது ஏறக்குறைய பாதியாகக் குறையும். முதல் தடவை போகிறவன் அரைநிலவு நாளைத் தெரிந்துகொள்ளட்டும்.

2. மணி. கரையில் தண்ணீர் உயர்ந்து நிற்கும் நேரமும், வெளியே நீரோட்டம் திரும்பும் நேரமும் ஒன்றல்ல. ஆகவே ஓத அட்டவணை மட்டும் போதாது, நீரோட்ட வரைபடப் புத்தகமும் வேண்டும். பெரும்பாலும் டோவர் துறைமுகத்தின் ஏற்ற நேரத்தை வைத்து, அதற்கு முன் 6 மணி முதல் பின் 6 மணி வரை, மணிக்கு ஒரு படமாக அதில் காட்டியிருப்பார்கள். கோடையில் பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் அந்த ஒரு மணியைக் கூட்ட மறக்கவே கூடாது.

3. காற்று. ஓட்டமும் காற்றும் ஒரே திசையில் போனால் அலை சற்று அடங்கும். எதிரெதிரே மோதினால் அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும்பி, உடைந்து விழும்.

ஒருமுறை வெய்மவுத்திலிருந்து மேற்கே டார்ட்மவுத் போகக் காத்திருந்தோம். தென்மேற்குக் காற்று பலமாக அடித்தது. "ஓட்டம் நாம போற பக்கம்தானே போகுது, ஏன் புறப்படாம நிக்கிறோம்?" என்று படகுத் தலைவரைக் கேட்டேன். வயதான மனிதர். "ஓட்டம் நமக்குச் சாதகம்தான். ஆனா காத்து அந்த ஓட்டத்துக்கு எதிரி. ரெண்டும் சண்டை போடுற இடத்துல நாம நடுவுல போய் நிக்கணுமா?" என்றார். இரண்டு நாள் துறைமுகத்திலேயே இருந்தோம். மூன்றாம் நாள் லேசான வடக்குக் காற்றில், கரையை ஒட்டிய உள்வழியாக அமைதியாகக் கடந்தோம். இடதுபக்கம் தூரத்தில் வெள்ளைக் கோடு போல ரேஸ் தெரிந்தது. அதன் இரைச்சல் எங்கள் காதில் விழுந்தது.

4. வழி. போர்ட்லண்டில் இரண்டு வழிகள். ஒன்று, முனையை மிகவும் ஒட்டிப்போகும் உள்வழி. இதற்கு நேரம் சரியாக அமைய வேண்டும், பகல் வெளிச்சமும் வேண்டும். மீனவர்கள் போட்டிருக்கும் நண்டுக்கூடுகளின் கயிறுகள் அங்கே உண்டு. மற்றது, முனையிலிருந்து 3 முதல் 5 கடல் மைல் விலகிச் சுற்றும் வெளிவழி. நேரம் அதிகமாகும், ஜீவனுக்கு நல்லது.

5. மாற்றிடம். ஓட்டம் பிடித்துக்கொண்டபின் திரும்ப முடியாது. எந்த இடம்வரை திரும்பலாம், எங்கே ஒதுங்கலாம் என்று புறப்படுமுன்னே தீர்மானியுங்கள். மிதவைச் சட்டை அணிந்து, படகின் மூடிகளை இறுக அடைத்து, வானொலியை வி.எச்.எஃப். 16ஆம் அலைவரிசையில் வைத்திருங்கள்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும்

ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளர் உலகறிந்த அறிவாளி. 1947 ஆகஸ்டில் அவர் தமது மூன்று வயது மகனோடும் உறவினரோடும் சிறு படகில் வரும்போது, ஓத நேரத்தைத் தவறாகக் கணித்து கோரிவ்ரெக்கனில் சிக்கினார். படகின் இயந்திரமே கழன்று கடலில் விழுந்தது. ஒரு பாறைத் தீவில் ஏறித் தப்பினார்கள். அவ்வழியே வந்த மீனவர்கள் அவர்களை மீட்டார்கள்.

"அது சின்னப் படகு, பெரிய கப்பலை என்ன செய்யும்?" என்று கேட்கலாம். 2015 ஜனவரி 2ஆம் தேதி 83 மீட்டர் நீளமுள்ள "செம்ஃபியோர்ட்" என்ற சிமெண்ட் கப்பல் பென்ட்லண்ட் ஃபர்த்தில் கவிழ்ந்தது. உதவி கேட்டு ஒரு வார்த்தை அனுப்பக்கூட நேரமில்லை. மறுநாள் கவிழ்ந்து மிதந்த அதன் அடிப்பாகத்தை ஒரு பயணிகள் கப்பல் கண்டது. எட்டுப் பேரில் ஒருவரும் தப்பவில்லை. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை என்ன சொன்னது தெரியுமா? புயல் காற்றும் அதற்கு எதிரான பலத்த நீரோட்டமும் மோதிய கொந்தளிப்பே காரணம். அது முன்னரே கணிக்கக்கூடியது. சரியான பயணத் திட்டம் இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றது. எட்டு வீடுகளில் அழுகை! காத்திருந்தால் சில மணி நேரம்தானே போயிருக்கும்?

பிரியமானவர்களே, காத்திருக்கிறவனைக் கோழை என்று நினைக்காதீர்கள். துறைமுகத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கிற அந்த மணிநேரமே பிரயாணத்தின் முக்கியமான வேலை. ஏழு நாட் வேகத்தில் சீறுகிற அதே தண்ணீர், திரும்பும் வேளையில் சற்றே ஓய்ந்து வழிவிடுகிறது. அந்த வேளையை அறிந்திருங்கள். அதற்குமுன் புறப்படாதிருங்கள், அது வரும்போது தாமதியாதிருங்கள்.