தோப்பு வேலை யந்திரங்களைக் களவினின்று காத்தல்

மரம் வெட்டுதல், கிளை கழித்தல், தடி ஏற்றுதல் முதலிய தோப்பு வேலைகள் முன்னாளில் கோடரியாலும், இருவர் இழுக்கும் ரம்பத்தாலும், மாட்டு வண்டியாலும் நடைபெற்று வந்தன. கோடரி களவு போயின் கொல்லன் பட்டறையில் வேறொன்று செய்துகொள்ளலாம். இக்காலத்திலோ அவ்வேலைகள் ‘செயின் சா’ என வழங்கும் சங்கிலி ரம்பத்தையும், டிராக்டரையும், டிரெய்லரையும் நம்பி நடைபெறுகின்றன. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் எண்ணிறந்த தென்னைகளைச் சாய்த்தது. விழுந்த மரத்தை அகற்றினாலன்றி மறுநடவு இயலாது. அத்தகைய வேளையில் ரம்பம் காணாமற் போகுமாயின், அந்நஷ்டம் அதன் விலையோடு நிற்பதன்று, பருவமே கைநழுவிவிடும்.

கள்வன் பெரும்பாலும் மூன்றினை நாடுகின்றான்: எளிதில் எடுக்கத்தக்கது, விரைவில் கொண்டுபோகத்தக்கது, அடையாளமின்றி விற்கத்தக்கது. இம்மூன்றில் முதலிரண்டைப் பூட்டும் காவலும் தடுக்கும். மூன்றாவதைத் தடுப்பது எண் ஒன்றே. பூட்டுக்குச் செலவிடுவோர் பலர். எண்ணைக் குறித்து வைப்போர் சிலரே.

சங்கிலி ரம்பம் ஒரு கையால் தூக்கத்தக்க எடையே உடையது. ஆகையால் அதனைப் பம்புசெட்டு அறையிலோ தோப்புக் குடிசையிலோ இரவில் வைத்தல் தகாது. மாலையில் வேலை முடிந்தவுடன் வீட்டிற்குக் கொண்டுவந்து, சுவரிலோ தரையிலோ பதித்த இரும்பு வளையத்துடன் சங்கிலியிட்டுப் பூட்டல் வேண்டும். பெட்ரோலைத் தீயணுகாத வேறிடத்தில் வைத்தல் நலம். நண்பகலில் ஆட்கள் உணவருந்தச் செல்லும் நேரமும் களவுக்கு ஏற்ற நேரமே என்பதை மறத்தலாகாது.

டிராக்டரின் சாவியை எடுத்துவிட்டால் போதுமெனப் பலர் கருதுகின்றனர். ஆயினும் ஒரே கம்பெனியின் பல டிராக்டர்களுக்கு ஒரே சாவி பொருந்துவதுண்டு. ஆதலின் பாட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்றைப் புறத்தார் அறியாத இடத்தில் அமைத்தல் நன்று. டிரெய்லரைக் கழற்றி நிறுத்துங்கால் கொக்கியின் பின்னை வீட்டிற்கு எடுத்துச் செல்லவேண்டும். சக்கரத்தையும் சங்கிலியால் பிணைக்கலாம். இருப்பிடத்தைக் கைபேசிக்குத் தெரிவிக்கும் ஜி.பி.எஸ். கருவியும் இக்காலத்தில் கிடைக்கின்றது. அதனை வெளியே தெரியாவண்ணம் பொருத்தி, அதிலுள்ள சிம் கார்டுக்குக் காலந்தவறாது பணம் செலுத்திவர வேண்டும்.

இனி, எண்ணைப் பற்றிக் கூறுவோமாயின், அதுவே இவ்விஷயத்தின் உயிர்நாடியாகும். களவு போன ரம்பம் ஒன்று அகப்பட்டுப் போலீஸ் நிலையத்தை அடைந்ததெனக் கொள்க. அதே நிறமும் அதே பெயரும் உடைய ரம்பங்கள் ஊர்தோறும் உள. தன்னுடையது இதுவேயென உடையவர் எவ்வாறு மெய்ப்பிப்பார்? உரிமையாளர் இன்னாரென அறியப்படாத பொருளைக் குறித்து மாஜிஸ்டிரேட் அறிவிப்பு வெளியிடலாமென்றும், உரிமை கோருவோர் ஆறு மாதத்திற்குள் முன்வர வேண்டுமென்றும் 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவு கூறுகின்றது. அத்தாட்சியில்லாதவர் தம் பொருளைக் கண்ணெதிரே கண்டும் இழக்க நேரும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளிது. ரம்பத்தின் உடலிலுள்ள வரிசை எண்ணையும், டிராக்டரின் எஞ்சின் எண், சேஸிஸ் எண், பதிவு எண் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, விலைச்சீட்டுடன் வீட்டில் வைக்க. எண்ணும் யந்திரமும் தெளிவாய்த் தெரியப் புகைப்படம் எடுக்க. எண் தகடு பெயர்க்கப்படலாமாதலால், லேத் பட்டறையில் உலோகப் பாகத்தில் ஒன்றும், மூடியின் உட்புறத்தில் மற்றொன்றுமாகத் தமக்கேயுரிய குறியைப் பொறிக்கச் செய்க. ஓர் அரைநாள் வேலையே இது.

களவு தெரிந்தவுடன் அவ்விடத்தைக் கலைக்காது 112 என்ற எண்ணுக்குத் தெரிவித்துப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கவேண்டும். மேற்கூறிய சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எவ்வெல்லையில் நடந்ததாயினும் எந்நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகக் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுதல் புகார் கொடுத்தவரின் உரிமை. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும், கடன் நிலுவையிருப்பின் பாங்கிக்கும் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். மூன்றாம் நபர் பொறுப்பை மட்டும் ஏற்கும் பாலிசி களவு நஷ்டத்தை ஈடு செய்யாது. டிராக்டரின் பாலிசி ரம்பத்திற்கும் பொருந்துமென எண்ணுதல் பிழை.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இதில் செய்யத்தக்க பணி உண்டு. ஊரிலுள்ள ரம்பம், டிராக்டர், டிரெய்லர் ஆகியவற்றின் எண்களை உடையவர்கள் குறித்து வைத்துள்ளனரா என ஆண்டுக்கொருமுறை கிராம சபையில் நினைவூட்டலாம். பழைய இரும்புக் கடைக்காரரையும் பழுது பார்ப்போரையும், விலைச்சீட்டில்லாத யந்திரத்தை வாங்கலாகாதென எச்சரிக்கலாம். களவுப் பொருளென அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ, கெட்ட எண்ணத்துடன் வாங்குவோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது. களவுக்கு அதே சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு பொதுவாக விதிக்கும் சிறைத் தண்டனையின் உச்ச அளவும் அதுவே.

பாதி விலைக்குக் கிடைக்கும் ரம்பத்தை விலைச்சீட்டுக் கேளாது வாங்கும் குடியானவர், அயலூர்த் தோப்பில் நிகழ்ந்த களவுக்குக் கூலி கொடுத்தவரேயாவர். வாங்குவோர் இல்லையேல் கள்வனுக்கு அந்த ரம்பம் வெறுஞ் சுமையே. ஆகையால் ஒவ்வொருவரும் தம் யந்திரத்தின் எண்ணை இன்றே எழுதிவைத்து, எண்ணும் சீட்டும் இல்லாததை வாங்க மறுப்பாராக.