பாஷாணமும் துத்தநாக விரலும்

லாலான் புல்லைக் கொல்ல ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் அடித்த சோடியம் ஆர்சனைட்டை மூத்த தொழிலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது பாஷாணம். உடனே கொல்லாவிட்டாலும் உடம்புக்குள் வேலை செய்யும்.

நம் உயிரணுவுக்குள் மரபுச் சரடு இருக்கிறது. அது அடிக்கடி அறுபடும். அறுந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, 'இங்கே வாங்க' என்று பழுதுபார்க்கும் கூட்டத்தைக் கூப்பிடுகிற புரதத்துக்குப் பெயர் பார்ப்-1. அது தடவுவது விரல் போன்ற மடிப்புகளால். அந்த விரலை மடங்கியபடி பிடித்து வைப்பது துளி துத்தநாகம். கூரைத் தகரத்தில் பூசுகிறார்களே, அதேதான். பாஷாணம் அந்த இடத்தில் புகுந்து துத்தநாகத்தைத் தள்ளிவிடும். விரல் மரத்துப்போகும், பழுது அப்படியே நிற்கும். பழுது சேரச் சேர தோல், நுரையீரல், மூத்திரப்பையில் புற்றுநோய் வரலாம். வெளியே தெரிய 20, 30 வருஷம்கூட ஆகும்.

வேடிக்கை பாருங்க, இதே பாஷாணம் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து! அதில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு ஒரு கோணல் புரதத்தை உண்டாக்கும். அதன் துத்தநாக விரலில் ஆர்செனிக் ஒட்டியதும் அந்தப் புரதம் அழிகிறது. 1970-களில் சீனாவில் ஹார்பின் டாக்டர்கள் தொடங்கிய வைத்தியம். அளந்து ஊசியில் ஏற்றுவது அது. அதை நம்பி நாட்டு மருந்துப் பாஷாணத்தை விழுங்காதீர்கள்.

அந்த மருந்தை அடித்தவர்கள் வீட்டில் இருந்தால் உள்ளங்கை, உள்ளங்காலைப் பாருங்க. முள்முள்ளாய்க் கெட்டித்த தோல், முதுகில் மழைத்துளி தெறித்த மாதிரி புள்ளி, ஆறாத புண், மூத்திரத்தில் ரத்தம் இருந்தால், 'மரம் வெட்டின கை அப்படித்தான்' என்று விடாதீர்கள். கிளினிக்கில் காட்டி, சிரம்பான் துவாங்கு ஜாபார் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்க. என்ன மருந்து, எத்தனை வருஷம் அடித்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்க.