கை பலம் குறைவா? செயின்சா வாங்கும் முன் இதைப் பாருங்க

விரலில் மூட்டுவலி இருப்பவர்கள் முருங்கை, கொய்யாக் கிளை கழிக்க பெட்ரோல் செயின்சா வாங்காதீங்க. எடையைவிட, கயிற்றைச் சுண்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதுதான் பெரும்பாடு. மணிக்கட்டுத் தடிமன் கிளைக்கு 6 இன்ச் பேட்டரி மினி செயின்சாவே தாராளம்.

பெட்டியில் போட்டிருக்கும் எடையில் பல நேரம் பேட்டரி சேராது. கடையிலேயே பேட்டரி இல்லாமல் முதலில் லாக் பட்டனையும் டிரிகரையும் சேர்த்து அழுத்திப் பாருங்க. பலர் திணறுவது இங்கேதான். பிறகு செயின் உறையைக் கழற்றாமல், பேட்டரி மாட்டி, டிரிகரைத் தொடாமல் இரண்டு நிமிடம் தூக்கிப் பிடிங்க. கை நடுங்கினால் அந்த மாடல் வேண்டாம்.

செயினை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகி இறுக்கும் வகை நல்லது. செயின் மழுங்கினால் அழுத்தி அறுக்க வேண்டிவரும், வலி கூடும். பார் நுனி கிளையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். அதனால் இரு கையாலும் இறுகப் பிடிக்க முடியாதவர்கள் வேறொருவரை அறுக்கச் சொல்வதே பாதுகாப்பு.

விவசாயிகள் வாங்கும் முன், வேளாண் கருவி மானிய விவரத்தை உழவன் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்க.