மண் தின்னும் மகளும் மாடித் தோட்டமும்

கேள்வி: கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கடைவீட்டு மாடியில் குடியிருக்கிறோம். வெயில் கொளுத்துகிறது. ஒன்றரை வயது மகள் தொட்டி மண்ணை அள்ளித் தின்கிறாள். செடி வளர்க்கலாமா?

பதில்: தாராளமாக வளருங்கள், தங்கச்சி. கங்கோங் கீரை, பண்டான், கறிவேப்பிலை போதும். கங்கோங் ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும். டிஃபன்பாக்கியா என்னும் அழகுச் செடி இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும்.

மண்ணைவிட எனக்குப் பயம் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுதான். தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். பிறகு டிங்கிக் காய்ச்சல். தட்டையே எடுத்துவிடுங்கள். காலையும் மாலையும் ஏடிஸ் கடிக்கும் நேரம். நாம் தண்ணீர் ஊற்றுவதும் அப்போதுதான்! பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். மண் தின்பது நிற்காவிட்டால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.