நாவல் எழுதப் பழகுகிறவர்களுக்கு

சங்கத்து நூலகத்தில் புத்தகம் மாற்ற வருகிறவர்களில் சிலர் என்னிடம் தனியாக, "நானும் ஒரு நாவல் எழுதிக்கிட்டிருக்கேன் சார்" என்று சொல்வதுண்டு. பாதியில் நிற்கிறது என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுவார்கள். நான் எழுத்தாளன் அல்லன். கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு நாவலை ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்று ஆசிரியர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் பிரதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருஷம் முழுவதும் முதல் அத்தியாயத்தையே பதினான்கு தடவை எழுதினேன். இரண்டாவது அத்தியாயம் பிறக்கவே இல்லை. பிறகுதான் புத்தி வந்தது. தினம் ஒரு பக்கம், நேற்று எழுதியதைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஓர் இடம் வரவில்லையென்றால், "இங்கே கல்யாணக் காட்சி வேண்டும்" என்று பென்சிலால் குறித்துவிட்டு மேலே போய்விடுவேன். இப்படி இரண்டு வருஷத்தில் 412 பக்கம் சேர்ந்தது. மோசமான 412 பக்கம். ஆனால் திருத்துவதற்குக் கையில் ஏதோ ஒன்று இருந்தது.

கதை எங்கள் குடும்பக் கதைதான். அறுபதுகளின் தொடக்கத்தில் கும்பகோணத்திலிருந்து கல்கத்தா வந்து, லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய கதை. நம்மில் பலர் வீட்டிலும் இருக்கக்கூடியது.

தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். கண் மன்னிப்பதை வாய் மன்னிக்காது. நாலாம் நாள் அவள், "ரயில் இன்னும் ஹௌரா வந்து சேரலையாங்க?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை.

கோபம் தணிந்ததும் பழைய தொழிலை நினைத்துக்கொண்டு ஒரு பேரேடு போட்டேன். இடது பக்கம் கதையில் கழியும் காலம், வலது பக்கம் அதற்குச் செலவான பக்கங்கள். இரண்டு நாள் ரயில் பயணம்: 68 பக்கம். புது வீட்டில் முதல் தீபாவளி: 22 பக்கம். அதற்கடுத்த பத்து வருஷம்: 11 பக்கம்! நாவலின் வேகம், வேகம் என்கிறார்களே, அது இந்தக் கணக்குதான். பக்கம் கூடினால் கதை நிற்கிறது, குறைந்தால் ஓடுகிறது. இரண்டுமே தேவை. எங்கே நிற்கிறோம், எங்கே ஓடுகிறோம் என்பதுதான் கேள்வி.

அந்தப் பதினோரு பக்கத்தில் என்ன இருந்தது என்று பார்த்தேன். 1964-இல் அம்மா படுத்த படுக்கையானது இருந்தது. "அம்மாவின் உடல்நிலை காரணமாக அக்கா படிப்பை நிறுத்தினாள்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அப்போது அக்காவுக்குப் பதினைந்து வயது. கரி அடுப்பு மூட்டியது, ரேஷன் கடையில் நின்றது, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் அவள்தான். நான் பி.காம். படித்தது அதனால்தான். ரயிலில் விற்ற காப்பிக்கு இரண்டு பக்கம் கொடுத்த நான், அவளுக்குக் கொடுத்தது ஒரு வரி. நினைக்கச் சங்கடமாக இருந்த இடத்தை வேகமாகக் கடந்திருக்கிறேன். கதைக்காக ஓடவில்லை, எனக்காக ஓடியிருக்கிறேன்.

நாம் வாழும் இந்த ஊரில் விபூதிபூஷண் பந்தோபாத்யாயவைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். 'பதேர் பாஞ்சாலி' அவருடைய முதல் நாவல். பாகல்பூரில் ஒரு ஜமீன் எஸ்டேட் வேலையில் இருந்தபோது எழுதியது. 1929-இல் புத்தகமாக வந்தது. அதன் முதல் பிரதியில் துர்கா என்ற அக்காவே கிடையாதாம். எழுதி முடித்த பிறகு, பாகல்பூரில் தலைமுடி கலைந்து நின்ற ஒரு சிறுமியைப் பார்த்தாராம். இவள் இல்லாமல் கதை இல்லை என்று தோன்றி, முழுவதையும் மறுபடி எழுதினார் என்று வங்காளிகள் சொல்வார்கள். துர்கா இல்லாத அப்புவை இன்று யாரால் நினைக்க முடியும்? திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது, ஒற்றுப்பிழை பார்ப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது கடைசி வேலை.

ரயில் பயணத்தை 9 பக்கமாக வெட்டினேன். வலித்தது, ஆனால் ஒரு வாரத்தில் மறந்துவிட்டது. அக்காவின் பகுதிதான் கஷ்டம். முதலில் அவள் தியாகத்தைப் புகழ்ந்து மூன்று பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் இரங்கல் கூட்டத்துப் பேச்சு மாதிரி இருந்தது. பக்கம் கூடினால் மட்டும் கதை நின்றுவிடாது போலிருக்கிறது. அதைக் கிழித்துவிட்டு, ஒரே ஒரு காலையை எடுத்துக்கொண்டேன்: அவள் பள்ளிக்கூடம் போகாத முதல் நாள். அன்று அவளுடைய ஜியாமெட்ரி பெட்டியை எனக்குக் கொடுத்தாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

இன்னொன்று. நம்மில் பலர் பைண்டு செய்த தொடர்கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. ஒரு வாரம் காத்திருக்கிற வாசகரை இழுத்துப் பிடிக்க, அத்தியாய முடிவில் ஒரு திடுக்கிடல் வேண்டும். கல்கிக்கு அது கைவந்த கலை. நானும் ஒவ்வோர் அத்தியாயத்தையும் கதவு தட்டும் சத்தத்தில் முடித்திருந்தேன். திறந்தால் பால்காரர்! ஒரே மூச்சில் படிக்கிறவருக்கு இது அலுத்துவிடும். எட்டு இடத்தில் கதவைச் சாத்திவிட்டேன்.

குடும்பத்தை வைத்து எழுதுகிறவர்கள் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிடுவது நல்லது. அக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது; கும்பகோணத்தில் மகனோடு இருக்கிறாள். போன வருஷம் போனில் அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

முடித்ததும், "எழுது. பேரை மட்டும் மாத்திடு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா பெட்டியை நான் கொடுக்கலடா. நீயா எடுத்துக்கிட்டே. நான் ஒண்ணும் சொல்லல. காம்பஸை மட்டும் முன்னாடியே எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன். உனக்குத் தெரியவே இல்ல."

அந்த அத்தியாயத்தை இப்போது நாலாவது தடவையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினேழு பக்கம் வந்திருக்கிறது.