வட்டம் பொருந்தினால் வாசம் நிற்கும்!

ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோகும் நாட்களில் சுருள் போட்ட கரண்ட் அடுப்புதான் கைகொடுக்கும். ஆனால் அதில் காய்ச்சும் பாலில் மட்டும் லேசாக ஒரு தீய்ந்த வாடை வந்துகொண்டே இருந்தது. பாலை மாற்றினேன், சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன், வாடை போகவில்லை. பிறகுதான் கவனித்தேன்: சுருள் வட்டம் பெரிது, பால் சட்டியின் அடி சிறிது. சூடு பக்கவாட்டில் ஏறி, ஓரத்தில் பால் ஒட்டிக் காய்ந்து, சட்டியின் உள்பக்கம் பழுப்பு வளையமே விழுந்திருந்தது. அன்று முதல் எதைச் சூடாக்கினாலும் வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. எனக்குப் பலித்தவை இதோ, உங்களுக்கும்!

1. அடுப்பு ஆறியபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுருள் வட்டத்தின் குறுக்களவை ஒரு நூலால் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடி அந்த நூலைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் சரியான ஜோடி. நூலைச் சமையல்கட்டு ஆணியில் மாட்டிவைத்தால், புதுப் பாத்திரம் வாங்கப் போகும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

2. சின்னச் சுருளில் பெரிய சட்டியை வைத்தால் நடுவில் அடிப்பிடிக்கும், ஓரம் வேகாது. பழைய கனமான தோசைக்கல்லை இடையில் வையுங்கள். சூடு பரவி உப்புமா, கேசரி எல்லாம் ஒரே பதமாக வரும்.

3. புதுச் சுருள் மாட்டும்போது, அதன் நடுவில் நூல் கட்டி அடையாளம் வைத்து, இரண்டு பாதியையும் சமமாக இழுத்துவிடச் சொல்லுங்கள். வளையங்கள் நெருங்கிய இடம் செக்கச்செவேல் என்று காயும், விலகிய இடம் மங்கலாகவே இருக்கும். தோசையில் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெள்ளையாக இருந்தால் காரணம் மாவு அல்ல, இதுதான்.

4. அறுந்த சுருளை முறுக்கிச் சேர்த்து ஓட்டாதீர்கள். நீளம் குறையக் குறைய அது இழுக்கும் கரண்ட் கூடும், முறுக்கிய இடமும் சீக்கிரம் எரிந்துபோகும். அதே வாட்டில் புது நிக்ரோம் சுருள் மாட்டிவிடுவதுதான் கடைசியில் சிக்கனம்.

5. 1000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 1 யூனிட். தினமும் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். 2000 வாட் அடுப்பைச் சின்ன பிளக்கில் செருகாதீர்கள், 16 ஆம்பியர் பிளக்தான் தாங்கும்.

6. கேஸ் அடுப்பிலும் இதே கணக்குதான். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டினால் அது கைப்பிடியைத்தான் சுடும், குழம்பை அல்ல. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி, ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். சட்டியில் கரி பிடிப்பதும் நிற்கும்.

7. தாளிக்க அகல வாணலி வேண்டாம், குழிவான சின்னத் தாளிப்புக் கரண்டி போதும். ஒரு ஸ்பூன் எண்ணெயிலேயே கடுகு முழுகிப் பொரியும். வாணலியில் அதே எண்ணெய் பரந்துபோய் கடுகு பாதி கருகி, பாதி வெடிக்காமல் கிடக்கும். பெருங்காயத் தூளைத் தீயை அணைத்த பிறகு போட்டால் கசக்காது.

8. வாசம் நிற்க வேண்டியதற்குக் குறுகிய வாய், வற்ற வேண்டியதற்கு அகன்ற வாய். ரசத்தைக் குறுகலான பாத்திரத்தில் வைத்து நுரை கட்டியதும் இறக்கி மூடுங்கள். பால்கோவாவுக்கும் தக்காளித் தொக்குக்கும் அகல உருளியோ வாணலியோ எடுத்தால் கேஸும் நேரமும் மிச்சம்.

9. இரண்டு பேருக்குக் காபி போடப் பெரிய ஃபில்டரை எடுக்காதீர்கள். அகலமான ஃபில்டரில் பொடி மெல்லிசாகப் பரவி, தண்ணீர் சட்டென்று இறங்கி, டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். சின்ன ஃபில்டரில் பொடி உயரமாக நிற்கும், அதே இரண்டு ஸ்பூன் பொடியில் திக்காக இறங்கும்.

10. தீபாவளிக்கு முறுக்கு, வடை சுட அகலம் குறைந்த, ஆழமான வாணலி நல்லது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்றுதான் விழும் என்றாலும் எண்ணெய் குறைவாகவே பிடிக்கும், சுட்டு மிஞ்சுவதும் குறைவு.

11. நம் திண்டுக்கல் பக்கம் சீரகச் சம்பா பிரியாணி இல்லாத விசேஷம் ஏது? அந்தப் பொடி அரிசி உயரமான குண்டாவில் அடியில் குழையும், மேலே விதையாக நிற்கும். அகல அடிப் பாத்திரத்தில் நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டால் மணி மணியாக உதிரும்.

12. சாயங்காலம் சாம்பிராணி போடும்போது செக்கச்சிவந்த கங்கில் கொட்டாதீர்கள். கரிந்து கண்ணைத்தான் எரிக்கும். சிரட்டைக் கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் மெல்லப் படியும் வரை காத்திருங்கள். ஒரு சிட்டிகை, பிறகு ஒரு சிட்டிகை என்று போட்டால் பாதிச் சாம்பிராணியிலேயே வீடு மணக்கும்.

13. கொசு லிக்விட் மெஷினில் திரி, சூடேறும் வளையத்துக்கு நட்டநடுவில் நிற்க வேண்டும். சாய்ந்து ஒரு பக்கம் உரசினால் அங்கே திரி கருகி, மருந்து ஏறாமல் வாடை மட்டும் வரும். காலி பாட்டிலில் கற்பூரமும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றுவது தீப்பிடிக்கும் ஆபத்து, செய்யாதீர்கள்.

14. பிள்ளைகளின் பையில் பேனா மாதிரியோ பென் டிரைவ் மாதிரியோ பழ வாசனை வீசும் பொருள் கண்டால் கவனியுங்கள், அது வேப் என்னும் மின்சிகரெட்டாக இருக்கலாம். குட்டிச் சுருள், பஞ்சு, நிகோடின் கலந்த திரவம், இவையெல்லாம் அதற்குள் இருக்கும். சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர்போன ஊர்க்காரர்கள் நாம், அந்தப் பழக்கத்தின் பிடி நமக்குத் தெரியும். 2019 சட்டப்படி நாடு முழுக்க வேப் விற்பதும் வாங்கி இருப்பு வைப்பதும் குற்றம். திட்டாமல் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள்.

15. விளக்குத் திரி தடிமனாக இருந்தால் எண்ணெயை வேகமாகக் குடிக்கும், கரியும் கக்கும். பஞ்சை மெல்லிசாக, இறுக்கமாகத் திரித்து, நுனியை மட்டும் சற்று வெளியே விடுங்கள். பூஜை அறைச் சுவரை அடிக்கடி துடைக்கும் வேலையும் குறையும்.

16. போர் தண்ணீர் உப்பு படிந்த ஹீட்டர் ராடு, தண்ணீரைச் சுட வைக்க அதிக நேரம் எடுக்கும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, சுருள் பகுதியை மட்டும் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள். பக்கெட்டில் விரல் விட்டுச் சூடு பார்க்கும் முன் பிளக்கைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் இன்றே முடியாவிட்டால், முதல் குறிப்பை மட்டும் இன்றே செய்துபாருங்கள். ஒரு முழ நூல் போதும்; நாளைக் காலைப் பாலிலேயே வித்தியாசம் தெரியும்.