சுழற்சியும் ஊட்டமும்

சிறு சி.என்.சி. மில்லிங் எந்திரத்தில் புதிதாக வேலை பழகும் நண்பர்களுக்காக இதனை எழுதுகிறேன். ஸ்பிண்டில் வேகத்தை ஊகத்தால் வைத்தல் ஆகாது. கணக்கிட்டே வைத்தல் வேண்டும்.

வெட்டு வேகத்தை 1000 ஆல் பெருக்கி, 3.14 ஆலும் வெட்டுக் கருவியின் விட்டத்தாலும் வகுத்தால் சுழற்சி கிடைக்கும். அலுமினியத்தை 6 மி.மீ. கார்பைடு எண்ட் மில்லால் வெட்டுகிறோம். வேகம் நிமிடத்திற்கு 150 மீட்டர் எனக் கொண்டால், ஏறத்தாழ 8000 சுற்று. பல்லொன்று 0.04 மி.மீ. சீவுமானால், இருபல் கருவிக்கு ஊட்டம் 8000 × 2 × 0.04 = 640 மி.மீ.

நம் எந்திரம் 5000 சுற்றுக்கு மேல் ஓடாதெனில்? ஊட்டத்தையும் 400 ஆக்குக. 640 ஆகவே விட்டால் பல்லின் சுமை 0.064 ஆகிக் கருவி முறியலாம். அஞ்சி ஊட்டத்தை மிகக் குறைத்தாலோ, பல் வெட்டாது உராயும்; சூடேறும்; அலுமினியம் பல்லில் ஒட்டும். ஆதலின் எந்திரம் அதிர்ந்தால் முதலில் வெட்டின் ஆழத்தைக் குறையுங்கள் என்பேன்.